வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் வரிக் கடமைகள்

வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் வரிக் கடமைகள் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிமக்களும் நிரந்தர வதிவுரிமை பெற்றோரும் அந்நாட்டுக்கு வெளியே வாழும் காலத்திலும் அந்நாட்டு நடுவண் அரசுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரியையும், அளிக்க வேண்டிய அறிக்கைகளையும் குறிக்கும். பெரும்பாலான நாடுகள் ஒருவர் எங்கு வசிக்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய உலகளாவிய வருமானத்திற்கு வரி விதிக்கின்றன. ஐக்கிய அமெரிக்கா வசிப்பிடத்துடன் குடியுரிமையையும் அடிப்படையாகக் கொள்கிறது. எனவே முப்பது ஆண்டுகளாக டோக்கியோவில் வாழ்ந்து, அங்கேயே ஊதியம் பெற்று, அங்கேயே வரி செலுத்திவரும் அமெரிக்கக் குடிமகன் ஒருவரும், வருமானம் சட்டம் குறிப்பிடும் அளவைத் தாண்டினால் ஆண்டுதோறும் அமெரிக்காவுக்கு வரி அறிக்கை அளிக்கக் கடமைப்பட்டவர் ஆவார்.

இம்முறையைப் பின்பற்றும் மற்றொரு நாடாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது எரித்திரியா ஆகும். அந்நாடு வெளிநாடுகளில் வாழும் தன் மக்களிடமிருந்து வருமானத்தில் 2 விழுக்காட்டை வரியாகப் பெறுகிறது. வெளிநாடுகளில் வாழும் அமெரிக்கர்களின் எண்ணிக்கை குறித்து முழுமையான கணக்கெடுப்பு எதுவும் இல்லை. அரசு அமைப்புகளின் மதிப்பீடுகளே சுமார் 44 இலட்சம் முதல் சுமார் 90 இலட்சம் வரை வேறுபடுகின்றன.

வரலாறு

இம்முறையின் தொடக்கம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தைச் சேர்ந்தது. போர்ச் செலவுகளை ஈடுகட்ட 1861 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வருவாய்ச் சட்டம், 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்கு 3 விழுக்காடு வரி விதித்தது. வெளிநாட்டில் வசித்த குடிமக்கள் அமெரிக்கச் சொத்துகளிலிருந்து பெற்ற வருமானத்திற்கு இவ்வரி 5 விழுக்காடாக இருந்தது. வசதி படைத்தோர் நாட்டை விட்டுச் சென்று போரின் சுமையிலிருந்து தப்பிவிடக்கூடாது என்ற கருத்து இதன் பின்னணியில் இருந்தது. 1864 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் வாழும் குடிமக்களின் வருமானம் முழுவதையும் வரி எல்லைக்குள் கொண்டுவந்தது.

போருக்குப் பின் கைவிடப்பட்ட வருமான வரி, அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் 1913 இல் நடைமுறைக்கு வந்தபின் நிலைபெற்றது. அவ்வாண்டுச் சட்டமும் குடியுரிமை அடிப்படையைத் தொடர்ந்தது. மெக்சிகோ நகரில் வசித்து, அந்நாட்டுச் சொத்துகளிலிருந்து வருமானம் பெற்ற குக் என்னும் அமெரிக்கர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். குடியுரிமையின் பயன்கள் ஒருவர் எங்கிருந்தாலும் அவரைத் தொடர்கின்றன, ஆகவே வரி விதிக்கும் அதிகாரமும் தொடர்கிறது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1924 இல் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. குக் எதிர் டெய்ட் எனப்படும் இத்தீர்ப்பே குடியுரிமை வரிவிதிப்பின் சட்ட அடித்தளமாகக் கருதப்படுகிறது.

இரட்டை வரியின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடுகளும் இதே காலப்பகுதியில் தோன்றின. 1918 ஆம் ஆண்டுச் சட்டம் பிற நாடுகளில் செலுத்திய வரிக்கு ஈடு வழங்கியது. 1926 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் உழைத்துப் பெற்ற வருமானத்திற்கு விலக்கு அளித்தது. அமெரிக்க வணிகம் பிற நாடுகளில் வளர வேண்டும் என்பது இவ்விலக்கின் நோக்கமாக இருந்தது.

யாருக்குப் பொருந்தும்

இக்கடமைகள் பின்வரும் பிரிவினருக்குப் பொருந்துகின்றன.

அமெரிக்காவில் பிறந்த, அல்லது பின்னர் குடியுரிமை பெற்ற குடிமக்கள் முதல் பிரிவினர். இவர்கள் வேறொரு நாட்டின் குடியுரிமையையும் கொண்டிருந்தால் கடமை நீங்குவதில்லை.

வெளிநாட்டில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, பிறப்பினாலேயே குடியுரிமை பெற்றவர்கள் இரண்டாம் பிரிவினர். இவர்களுள் சிலர் அமெரிக்காவில் ஒருநாளும் வசித்திராதவர்கள்.

பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள் மூன்றாம் பிரிவினர். அட்டையில் அச்சிடப்பட்ட காலம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் இவர்களின் வரிக் கடமை முடிவதில்லை. வதிவுரிமையை முறைப்படி திருப்பி ஒப்படைக்கும் வரை அல்லது அது அதிகாரப்பூர்வமாக நீக்கப்படும் வரை, வரி உடன்படிக்கையின் கீழ் வேறுநாட்டு வதிவாளர் என அறிவித்துக்கொள்ளாதவர்களுக்கு இக்கடமை தொடர்கிறது.

வரி செலுத்தும் கடமையும் அறிக்கை அளிக்கும் கடமையும் வெவ்வேறானவை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. செலுத்த வேண்டிய வரி சுழியமாக இருந்தாலும், மொத்த வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அறிக்கை அளிக்க வேண்டும். 2024 ஆம் வரியாண்டில் 65 அகவைக்குட்பட்ட தனிநபருக்கு இவ்வளவு 14,600 டாலராக இருந்தது. திருமணமானவர் துணைவரிடமிருந்து தனியாக அறிக்கை அளித்தால் இவ்வளவு வெறும் 5 டாலர் மட்டுமே. வெளிநாட்டுக் குடிமக்களை மணந்துகொண்ட அமெரிக்கர்கள் பலர் இவ்விதியின் கீழ் வருகின்றனர்.

இரட்டை வரியைத் தவிர்க்கும் வழிகள்

வெளிநாட்டு உழைப்பு வருமான விலக்கு

ஊதியம், தொழில் வருமானம் ஆகியவற்றில் குறிப்பிட்ட தொகை வரையான பகுதியை வரிக்கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ள இவ்விலக்கு வழிசெய்கிறது. 2024 ஆம் வரியாண்டில் இத்தொகை 1,26,500 டாலர். 2025 ஆம் வரியாண்டில் 1,30,000 டாலர். பணவீக்கத்திற்கேற்ப இது ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. இதனைப் பெற, தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே வெளிநாடுகளில் இருந்திருக்க வேண்டும், அல்லது ஒரு வரியாண்டு முழுவதும் வெளிநாட்டின் மெய்யான வதிவாளராக இருந்திருக்க வேண்டும். விலக்கு தானாகக் கிடைப்பதில்லை. வரி அறிக்கையுடன் படிவம் 2555 ஐ இணைத்துக் கோர வேண்டும். வட்டி, பங்காதாயம், வாடகை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இவ்விலக்கு பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, தனிநபர் வருமான வரி இல்லாத துபாயில் பணிபுரியும் மணமாகாத அமெரிக்கர் ஒருவர் 2024 இல் 1,50,000 டாலர் ஊதியம் பெற்றதாகக் கொள்வோம். விலக்குத் தொகையைக் கழித்தால் 23,500 டாலரும், அதிலிருந்து நிலையான கழிவான 14,600 டாலரைக் கழித்தால் 8,900 டாலரும் எஞ்சும். இத்தொகைக்குத் தொடக்க விகிதமான 10 விழுக்காடு என்றால் வரி 890 டாலராக இருக்கும். ஆனால் விலக்களிக்கப்பட்ட வருமானமும் இருப்பதாகக் கருதி, அதன் மேல் எஞ்சிய தொகையை அடுக்கி வரி விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது 2006 முதல் நடைமுறையில் உள்ள விதியாகும். இதன்படி 24 விழுக்காடு பொருந்துவதால் வரி 2,136 டாலராகிறது. வீட்டுச் செலவுக்கான தனி விலக்கு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

வெளிநாட்டு வரி ஈடு

வசிக்கும் நாட்டில் செலுத்திய வருமான வரியை அமெரிக்க வரியிலிருந்து நேரடியாகக் கழித்துக்கொள்ள இம்முறை இடமளிக்கிறது. இதற்குரியது படிவம் 1116. ஜெர்மனியில் 80,000 டாலர் ஊதியம் பெற்று, அங்கு 18,000 டாலர் வரி செலுத்திய மணமாகாத ஒருவருக்கு, 2024 ஆம் ஆண்டு விகிதங்களின்படி அமெரிக்க வரி 9,441 டாலர் வரும். அது முழுவதும் ஈட்டினால் நீங்கிவிடுகிறது. எஞ்சிய 8,559 டாலரை ஓராண்டு பின்னோக்கியோ பத்தாண்டுகள் வரை முன்னோக்கியோ கொண்டு செல்லலாம்.

இவ்விரு எடுத்துக்காட்டுகளிலிருந்து பொதுவான ஒரு முடிவைப் பெறலாம். வரி மிகுந்த நாடுகளில் வாழ்வோருக்கு வரி ஈடும், வரி குறைந்த நாடுகளில் வாழ்வோருக்கு வருமான விலக்கும் பயனுடையவை. ஒருமுறை விலக்கைத் தெரிவு செய்து பின்னர் அதனைக் கைவிட்டவர், வரித்துறையின் ஒப்புதல் இன்றி அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் அதனைக் கோர இயலாது. ஆகவே தொடக்கத் தெரிவு முக்கியமானதாகும்.

வரி உடன்படிக்கைகள்

ஐக்கிய அமெரிக்கா பல நாடுகளுடன் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் செய்துள்ளது. எனினும் இவற்றில், தன் குடிமக்களுக்கு உடன்படிக்கையே இல்லாதது போல வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா தக்கவைத்துக்கொள்ளும் பிரிவு ஒன்று வழமையாக இடம்பெறுகிறது. இதனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு உடன்படிக்கைகள் தரும் பயன் குறுகியதாகவே உள்ளது.

சமூகப் பாதுகாப்பு வரிக்குத் தனி உடன்படிக்கைகள் உள்ளன. இவை இல்லாத நாட்டில் சுயதொழில் செய்யும் அமெரிக்கர், வருமான விலக்குப் பெற்றாலும், தம் நிகர வருமானத்தின் மீது 15.3 விழுக்காடு சுயதொழில் வரி செலுத்த வேண்டியுள்ளது. இக்கடமை ஆண்டுக்கு 400 டாலர் நிகர வருமானத்திலிருந்தே தொடங்குகிறது.

கணக்கு அறிவிப்புகள்

வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை

1970 ஆம் ஆண்டு வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்திலும் உள்ள மொத்தத் தொகை ஆண்டின் எந்த ஒரு நாளிலும் 10,000 டாலரைத் தாண்டினால் அதனை அறிவிக்க வேண்டும். ஃபின்சென் படிவம் 114 எனப்படும் இவ்வறிக்கை வரி அறிக்கையுடன் சேர்க்கப்படாமல், நிதிக் குற்றங்கள் தடுப்பு வலையமைப்பு என்னும் அமைப்புக்கு மின்னணு முறையில் தனியாக அனுப்பப்படுகிறது. இந்த 10,000 டாலர் வரம்பு பணவீக்கத்திற்கேற்ப உயர்த்தப்படுவதில்லை. தண்டத் தொகைகளோ உயர்த்தப்படுகின்றன.

சட்டத்தில் அடிப்படைத் தண்டமாக, உள்நோக்கமற்ற தவறுக்கு 10,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்த தவறுக்கு 1,00,000 டாலர் அல்லது கணக்கில் உள்ள தொகையில் பாதி, இவற்றுள் எது கூடுதலோ அதுவும் குறிப்பிடப்பட்டுள்ளது. உள்நோக்கமற்ற தவறுக்கான தண்டம் ஒவ்வொரு கணக்கிற்குமா, ஒவ்வோர் ஆண்டு அறிக்கைக்குமா என்ற வினா நீண்டகாலம் நிலவியது. ருமேனியாவில் வாழ்ந்த பிட்னர் என்பவர் மீது 272 கணக்குப் பதிவுகளுக்காக 27.2 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் அறிக்கைக்கு ஒன்று மட்டுமே என 2023 இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இதனால் அவருக்குரிய தண்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 டாலராகக் குறைந்தது.

ஃபட்கா

வெளிநாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம் சுருக்கமாக ஃபட்கா எனப்படுகிறது. செல்வந்தர்கள் சுவிட்சர்லாந்து வங்கிகளில் பணத்தை மறைத்து வைத்தது 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டதைத் தொடர்ந்து, 2010 மார்ச் மாதத்தில் இச்சட்டம் இயற்றப்பட்டது. உலகின் நிதி நிறுவனங்கள் தம்மிடம் உள்ள அமெரிக்கர்களின் கணக்குகளை அடையாளம் கண்டு அறிவிக்க வேண்டும். மறுக்கும் நிறுவனங்களுக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் குறிப்பிட்ட வகைக் கொடுப்பனவுகளில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும். இப்பிடித்த விதி 2014 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. குடிமக்களும் படிவம் 8938 மூலம் தம் சொத்துகளை அறிவிக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் தனிநபருக்கு இதன் வரம்பு ஆண்டிறுதியில் 2,00,000 டாலர் அல்லது ஆண்டின் எந்நாளிலும் 3,00,000 டாலர் ஆகும்.

இச்சட்டத்தின் விளைவுகளுள் ஒன்று, அதனை இயற்றியோர் கருதாதது. அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கையாளும் செலவையும் இடரையும் தவிர்க்க, ஐரோப்பாவில் வங்கிகள் சில அவர்களுக்குக் கணக்குத் திறக்க மறுத்தன. சில, இருந்த கணக்குகளை மூடின. கோடிகளை மறைத்தவர்களைக் குறிவைத்த சட்டம், மாத ஊதியத்தைப் பெறுவதற்கும் வீட்டுக் கடன் வாங்குவதற்கும் ஒரு கணக்கை நாடிய ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பாதித்தது.

சேமிப்பில் எழும் சிக்கல்கள்

ஊதியத்தை விடச் சேமிப்பே வெளிநாடு வாழ் அமெரிக்கர்களுக்குக் கூடுதல் சிக்கலைத் தருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே பதிவு செய்யப்பட்ட பரஸ்பர நிதிகள், 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் செயலற்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் என வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றின் ஆதாயம் உயர்ந்த விகிதத்தில் வரிக்குட்படுவதுடன், கடந்த ஆண்டுகளுக்கு வட்டியும் சேர்க்கப்படுகிறது. பொதுவாக ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியே படிவம் 8621 நிரப்ப வேண்டும்.

வசிக்கும் நாடு வரிவிலக்கு அளிக்கும் சேமிப்புத் திட்டங்களை அமெரிக்கா ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டை விற்பதிலும் இதே முரண்பாடு தோன்றுகிறது. குடியிருந்த வீட்டின் விற்பனை ஆதாயத்திற்கு ஐக்கிய இராச்சியம் பொதுவாக வரி விதிப்பதில்லை. அமெரிக்கா தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை மட்டுமே விலக்களிக்கிறது. நியூயோர்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே அந்நகரை விட்டுச் சென்ற பிரித்தானிய அரசியல்வாதி போரிஸ் ஜான்சன், தம் இலண்டன் வீட்டு விற்பனைக்கு அமெரிக்கா வரி கோருவதாக 2014 இல் வெளிப்படையாகக் குறைகூறினார். பின்னர் அவர் அவ்வரியைத் தீர்த்து, அமெரிக்கக் குடியுரிமையையும் துறந்தார். பிற்காலத்தில் பிரதமரான ஒருவரே இவ்விதிகளிலிருந்து தப்ப இயலாததால், இந்நிகழ்வு பரவலான கவனத்தைப் பெற்றது.

இந்தியாவுடனான தொடர்பு

அமெரிக்காவில் பணிபுரிந்து சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களுக்குத் திரும்பிய தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களின் குடும்பங்கள் பலவற்றில் இவ்விதிகள் நேரடியாகப் பொருந்துகின்றன. பெற்றோர் அங்குப் பணியாற்றிய காலத்தில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள், இந்தியாவில் வளர்ந்து வேலைக்குச் செல்லும்போது அமெரிக்க வரி அறிக்கை அளிக்கும் கடமை உடையவர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்னும் அட்டை வைத்திருப்போரும் வரிச் சட்டத்தின் பார்வையில் அமெரிக்கர்களே.

இரு நாடுகளுக்கும் இடையே 1989 இல் கையெழுத்தான வரி உடன்படிக்கை உள்ளது. சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை இல்லை. ஃபட்கா நடைமுறைக்கான உடன்படிக்கை 2015 சூலை 9 அன்று கையெழுத்தானது. இந்தியாவில் வங்கிக் கணக்கோ பரஸ்பர நிதியோ தொடங்குவோர் வரி வதிவிடம் குறித்த உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்க அறிக்கையில் அது வருமானமாகக் காட்டப்பட வேண்டியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியப் பரஸ்பர நிதிகள் மேற்கூறிய கடுமையான விதிகளுக்குள் வருகின்றன. இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலும், அமெரிக்க வரியாண்டு சனவரி முதல் திசம்பர் வரையிலும் அமைவதால், ஒரே வருமானத்திற்கு எந்த ஆண்டின் இந்திய வரியை ஈடாகக் கோருவது என்பதைக் கவனமாகக் கணக்கிட வேண்டியுள்ளது.

காலக்கெடுவும் தவறியோருக்கான வழியும்

வரி அறிக்கைக்கான பொதுவான இறுதி நாள் ஏப்ரல் 15. வெளிநாட்டில் வாழ்வோருக்குச் சூன் 15 வரை தானாகவே நீட்டிப்புக் கிடைக்கிறது. படிவம் 4868 மூலம் இதனை அக்டோபர் 15 வரை நீட்டிக்கலாம். எனினும் செலுத்த வேண்டிய வரி இருப்பின் ஏப்ரல் 15 முதலே வட்டி கணக்கிடப்படும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் அக்டோபர் 15 வரை தானான நீட்டிப்பு உண்டு.

அறிக்கையே அளிக்காத ஆண்டுக்குக் காலவரம்புப் பாதுகாப்பு தொடங்குவதில்லை. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் வரித்துறை அவ்வாண்டை ஆராயலாம். பெருந்தொகை வரி நிலுவை உடையோரின் கடவுச்சீட்டை மறுக்கவோ நீக்கவோ 2015 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்துள்ளது.

அறியாமையால் தவறியவர்களுக்காக எளிமையாக்கப்பட்ட இணக்க நடைமுறை 2012 இல் தொடங்கப்பட்டு 2014 இல் விரிவாக்கப்பட்டது. இதன்படி கடந்த மூன்று ஆண்டுகளுக்கான வரி அறிக்கைகளையும் ஆறு ஆண்டுகளுக்கான வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் அளித்து, தவறு உள்நோக்கமற்றது எனச் சான்றளிக்க வேண்டும். தகுதியுள்ள வெளிநாடுவாழ் மக்களுக்குத் தண்டம் தள்ளுபடி செய்யப்படுகிறது. வரியும் வட்டியும் இருப்பின் செலுத்தப்பட வேண்டும். வரித்துறை முதலில் விசாரணையைத் தொடங்கிவிட்டால் இவ்வாய்ப்பு கிடைக்காது.

குடியுரிமை துறத்தல்

வரிக் கடமையை முற்றிலும் நீக்கிக்கொள்ள எஞ்சும் வழி குடியுரிமையைத் துறப்பதே ஆகும். துறந்தோரின் பெயர்களை அமெரிக்க அரசு காலாண்டுதோறும் வெளியிடுகிறது. 2008 இல் 300 க்கும் குறைவாக இருந்த பெயர்கள், 2016 இல் 5,000 ஐத் தாண்டின. கட்டணமின்றி இருந்த துறப்புக்கு 2010 இல் 450 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டு, 2014 இல் அது 2,350 டாலராக உயர்த்தப்பட்டது. அதனை மீண்டும் 450 டாலராகக் குறைக்க வெளியுறவுத் துறை 2023 இல் முன்மொழிந்தது.

2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிகரச் சொத்து 20 இலட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரி வரி குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள், ஐந்தாண்டு வரி இணக்கத்தைச் சான்றளிக்க இயலாதவர்கள் ஆகியோர் வெளியேற்ற வரிக்கு உட்படுகின்றனர். துறப்பதற்கு முதல்நாள் சொத்துகள் அனைத்தும் விற்கப்பட்டதாகக் கருதி இவ்வரி கணக்கிடப்படுகிறது. கடைசி 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகளேனும் பச்சை அட்டை வைத்திருந்தோருக்கும் இது பொருந்தும். அறிக்கை அளிக்காத எளியவர் ஒருவரும் மூன்றாம் விதியினால் இவ்வகைக்குள் வரக்கூடும் என்பதால், துறப்பதற்கு முன்னரும் அறிக்கைகளைச் சீர்செய்ய வேண்டியுள்ளது.

வாதங்களும் எதிர்வாதங்களும்

குடிமகன் எங்கிருந்தாலும் தூதரகப் பாதுகாப்பும், நாடு திரும்பும் உரிமையும், வாக்குரிமையும் பெறுவதால் வரி செலுத்துவது முறையே என்பது ஆதரவாளர்களின் வாதம். வசிப்பிட முறைக்கு மாறினால், செல்வந்தர்கள் வரி குறைந்த நாடுகளுக்குக் குடிபெயர்ந்து, குடியுரிமையை இழக்காமலேயே வரியைத் தவிர்ப்பர் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

பிற நாட்டுக் குடிமக்களும் இதே உரிமைகளை வரி செலுத்தாமலேயே பெறுகின்றனர் என்பது எதிர்ப்பாளர்களின் மறுமொழி. விலக்கினாலும் ஈட்டினாலும் வரி ஏதும் செலுத்தத் தேவையில்லாத பலர், அதனை நிறுவுவதற்காக மட்டும் வல்லுநர்களுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்துகின்றனர் என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அமெரிக்காவில் பிறந்து குழந்தையாகவே வெளியேறிய தற்செயல் அமெரிக்கர்களின் நிலை மேலும் கடினமானது. பிரான்சில் இவர்களின் சங்கம் தொடுத்த வழக்கை அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 இல் தள்ளுபடி செய்தது. கனடாவில் ஃபட்கா உடன்படிக்கைக்கு எதிரான வழக்கும் அதே ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோல்வியுற்றது.

சீர்திருத்த முயற்சிகள்

2024 அக்டோபரில், அதிபர் தேர்தல் பரப்புரையின்போது, வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் இரட்டை வரியை ஒழிப்பதாக டோனால்ட் டிரம்ப் அறிவித்தார். அதே ஆண்டு திசம்பரில் இல்லினாய் மாநிலப் பேராளர் டேரின் லாஹுட், விரும்புவோர் வசிப்பிட அடிப்படையிலான வரிவிதிப்பைத் தெரிவு செய்ய இடமளிக்கும் சட்டமுன்வரைவைப் பேராளர் அவையில் கொண்டுவந்தார். செல்வம் மிகுந்தோருக்கு வெளியேற்ற வரியை ஒத்த கட்டுப்பாட்டையும் அது கொண்டிருந்தது. 2025 சனவரியில் அப்பேரவையின் காலம் முடிவுற்றதால் முன்வரைவு காலாவதியானது. 2025 சூலை 4 அன்று கையெழுத்தான பெரும் வரிச் சட்டத்திலும் குடியுரிமை வரிவிதிப்பு நீக்கப்படவில்லை.

வெளிநாடு வாழ் அமெரிக்கர்களின் வாக்குகள் ஐம்பது மாநிலங்களிலும் சிதறிக் கிடப்பதால், அவர்களைத் தம் தொகுதி மக்களாகக் கருதி முழுமையாகச் சார்ந்திருக்கும் பேராளர் எவரும் இல்லை. பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் நாடாளுமன்றங்களில் வெளிநாடு வாழ் குடிமக்களுக்கெனத் தனித் தொகுதிகள் உண்டு. அமெரிக்கப் பேரவையில் அத்தகைய ஏற்பாடு இல்லை. 1864 இல் போர்க்காலத் தேவைக்காக விரிவாக்கப்பட்ட கொள்கை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.